செராஸில் காத்திருக்கும் புத்தகங்கள்

செராஸ் என்றதும் உங்களுக்கு முதலில் என்ன நினைவுக்கு வருகிறது? பெரும்பாலோர் சாலை நெரிசல் என்பார்கள். இளைஞர்களைக் கேட்டால் புதன்கிழமை தோறும் தாமான் கொனாட்டில் கூடும் இரவுச் சந்தையைச் சொல்வார்கள். பிள்ளைகுட்டியோடு இருப்பவர்களுக்கு 2015-இல் திறந்த ஐக்கியா கடை. பாதி கோலாலம்பூர் மாநகருக்குள்ளும் மீதி சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்துக்குள்ளுமாக நீண்டு கிடக்கும் செராஸுக்கு இதுதான் முகம் என்று ஒன்றைச் சொல்லிவிட முடியாது.

வானொலியில் மாலை நிகழ்ச்சி நடத்துகிறவள் நான். போக்குவரத்துத் தகவலில் செராஸ் என்ற பெயரை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது சொல்லியிருப்பேன். ஆனால், அந்த ஊரில் இறங்கி நடந்தது பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான். எனக்குக் காலை நேரம் ஓய்வு. ஆகவே, மருத்துவமனைக்குக் கூடப் போகும் வேலை என்னிடம் வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு சுற்று கீமோ. அது முடிந்ததும் வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு. ஏறக்குறைய ஆறு மாதம் செராஸின் இந்த ஒரு மூலைதான் எங்கள் உலகம்.

ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் வரும் எல்.ஆர்.டி. ரயிலில் பண்டார் துன் ரசாக் நிலையத்தில் இறங்க வேண்டும். அடுத்த நிலையம் பண்டார் தாசேக் செலாத்தான். தெற்கே போகும் பேருந்துகளின் பெரிய முனையம் அங்கேதான் இருக்கிறது. அதனால் சிரம்பானிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் கையில் துணிப்பையோடு, ஒரே ஒரு நிலையம் பயணம் செய்து இந்தப் பக்கம் வருவதைப் பார்க்கலாம். ஜாலான் யாக்கோப் லத்திப் சாலையில் இருக்கிறது துவாங்கு முஹ்ரிஸ் வேந்தர் மருத்துவமனை. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் போதனா மருத்துவமனையாக 1997-இல் தொடங்கியது. பழையவர்கள் இன்னமும் எச்.யு.கே.எம். என்றுதான் சொல்கிறார்கள். அதே வட்டாரத்தில் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையும் உண்டு. காலை எட்டு மணிக்கு அந்தச் சாலையில் நடந்தால், எதிரில் வருகிற இரண்டு பேரில் ஒருவர் கையிலாவது மருத்துவமனை அட்டை இருக்கும்.

புற்றுநோய் சிகிச்சை என்றால் வலி, முடி கொட்டுதல், வாந்தி என்று கேள்விப்பட்டிருந்தேன். அதில் பெரும்பங்கு காத்திருப்பு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு, அதன் முடிவுக்கு, மருத்துவருக்கு, மருந்து கலந்து வருவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும். பிறகு நாற்காலியில் சாய்ந்தபடி, அந்த மருந்து சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி முடியும் வரை பல மணி நேரம். எந்த நாட்டில், எந்த மருத்துவமனையில் என்றாலும் இது இப்படித்தான். இந்த நேரத்தை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் எங்கள் புத்தகத் தேடல் தொடங்கியது.

வந்து குவிந்த பாடங்கள்

நாங்கள் தேடுவதற்கு முன்பே புத்தகங்கள் வீடு தேடி வந்துவிட்டன. நம் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போக மாட்டார்கள். ஆப்பிள், ஆரஞ்சு, மைலோ டின் ஆகியவற்றோடு புத்தகங்களும் வந்தன. இரண்டு மாதத்தில் பெரியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பதினான்கு புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. எண்ணிப் பார்த்தேன். ஆறு பக்திப் புத்தகம். நான்கு தன்னம்பிக்கைப் புத்தகம். மூன்று, என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது என்று சொல்பவை. மீதி ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெரியம்மா உலு லங்காட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படிப்பு. ஆனால், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கைமாற்றி வாங்கிப் படித்தே வளர்ந்தவர். பால் வெட்டிவிட்டு வந்து, லயத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கதை படித்ததை இப்போதும் சொல்வார். அப்படிப்பட்டவர் அந்தப் பதினான்கில் ஒன்றைக்கூடப் பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை.

"எல்லாரும் எனக்குப் பாடம் நடத்த வர்றாங்கம்மா. கதை சொல்ல ஒருத்தரும் வரல" என்றார் ஒரு நாள்.

அந்த ஒற்றைப் புத்தகத்துக்கு வருகிறேன். கீமோ என்பது விஷம், பழச்சாறும் சில வேர்களும் இருந்தால் எந்தப் புற்றும் கரைந்துவிடும், மருத்துவர்கள் இதை மறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அன்போடுதான் யாரோ கொடுத்திருந்தார்கள். நான்காவது சுற்றுக்கு முந்தைய வாரம், நாக்கெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்காத நாளில், பெரியம்மா அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதோட நிறுத்திடலாமா கண்ணு?"

நிறுத்த வேண்டாம் என்று நான் வாதம் செய்திருந்தால் அது எடுபட்டிருக்காது. மருந்து உடம்பில் ஏறுவது அவருக்குத்தானே தவிர எனக்கு இல்லை. "கேள்வியை எழுதி வையுங்க பெரியம்மா, டாக்டர்கிட்டயே கேட்போம்" என்றேன். எழுதினார். அடுத்த சந்திப்பில் புத்தகத்தையே எடுத்துக் காட்டினார். இளம் மருத்துவர் அவர். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அடிக்கோடிட்ட பக்கத்தைப் பார்த்துவிட்டு, எந்த மருந்து எதற்கு, வாய்ப்புண்ணுக்கு என்ன செய்யலாம், நிறுத்தினால் என்ன ஆகலாம் என்று கால்மணி நேரம் விளக்கினார். நான்காவது சுற்று நடந்தது.

இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிய புற்றுநோயாளிகளைப் பார்த்தது. குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 2.5 மடங்கு என்று தெரிந்தது. நோயாளிக்கு நாம் நீட்டும் புத்தகமும் உள்ளே போகும் ஒரு பொருள்தான். பழத்தைக் கழுவிக் கொடுக்கிறோம். புத்தகத்தையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டாமா?

உடம்பு படிக்கிற நேரம்

சரி, பிறகு எதைத்தான் படிப்பது? பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்களைக் கவனித்தும் பேசியும் நாங்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது: சிகிச்சைக் காலத்தில் படிப்பதை மனசைவிட உடம்புதான் அதிகம் தீர்மானிக்கிறது.

சில கீமோ மருந்துகளால் விரல் நுனி மரத்துப் போகும். பக்கம் புரட்டுவதே வேலையாகிவிடும். ஒரு கையில் ஊசி இருப்பதால் தடித்த புத்தகத்தைத் தூக்க முடியாது. கவனம் நிற்காது. அரைப் பக்கம் போனதும் முதல் வரி மறந்துவிடும். இது சோம்பலோ மனத்தளர்ச்சியோ அல்ல, சிகிச்சையின் பக்கவிளைவுகளில் ஒன்று என்று தாதி ஒருவர் சொன்னபோது பெரியம்மாவுக்குப் பெரிய நிம்மதி. தன் புத்தி மங்கிவிட்டதாக அதுவரை பயந்துகொண்டிருந்தார்.

வாந்தியைக் கட்டுப்படுத்தவும் ஒவ்வாமையைத் தடுக்கவும் கீமோவோடு ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். அன்றிரவு பலருக்குத் தூக்கம் வராது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் பூஞ்சை பிடித்த பொருள்களை அண்டக் கூடாது என்பார்கள். நம் நாட்டு ஈரத்தில் பழைய புத்தகங்களுக்குப் பூஞ்சை எளிதில் பிடிக்கும். பரணிலிருந்து எடுத்த பழம் பிரதிகளை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், அந்த நாள்களில் தள்ளியே வைக்க வேண்டியிருந்தது.

ஆகவே, எங்களுக்கு வேண்டிய புத்தகத்தின் இலக்கணம் தெளிவானது. எடை குறைவாக இருக்க வேண்டும். எழுத்து பெரியதாக இருக்க வேண்டும். எங்கே விட்டாலும் மறுபடி தொடங்க முடிய வேண்டும். பாடம் நடத்தக் கூடாது.

பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு நடை

இந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை நான் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். பண்டார் துன் ரசாக்கில் ரயில் ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறினால் கே.எல். சென்ட்ரல். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்ததால் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்ற ஊர். 1904-இல் கட்டப்பட்ட விவேகானந்தா ஆசிரமம் இன்றும் துன் சம்பந்தன் சாலையில் நிற்கிறது. மாலைக்கடை வாசமும் வடைச் சட்டிச் சத்தமும் கடந்து ஒரு தமிழ்ப் புத்தகக் கடைக்குள் நுழைந்தேன். முன் அடுக்கில் ஜோதிடம், சமையல், பக்தி. கதைப் புத்தகங்கள் பின் அடுக்கில்.

அன்று வாங்கியதில் முதலாவது, தேவனின் 'துப்பறியும் சாம்பு'. ஆனந்த விகடன் ஆசிரியராக இருந்த தேவன் எழுதிய சிறு சிறு கதைகள். சாம்புவுக்குத் துப்பறியவே தெரியாது. எதையாவது உளறி, எங்கேயாவது தடுக்கி விழுந்து, கடைசியில் திருடனைப் பிடித்த பெருமை மட்டும் அவருக்கு வந்து சேரும். ஒரு கதையை மருந்து இறங்குகிற நேரத்துக்குள் தாராளமாக முடித்துவிடலாம். மூன்றாவது கதையில் பெரியம்மா சத்தமாகச் சிரித்தார். அடுத்த நாற்காலியில் இருந்த சீன மூதாட்டி என்னவென்று கேட்க, நான் எனக்குத் தெரிந்த மலாயில் சாம்புவை விளக்கினேன். பாதி புரிந்திருக்கும். அவரும் சிரித்தார்.

இரண்டாவது, கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகம் ஆயிற்றே, எடை என்ன ஆவது என்று நீங்கள் கேட்கலாம். ஐந்தையும் ஒன்றாகக் கட்டிய பதிப்பை வாங்காமல் பாகம் பாகமாக வாங்கினேன். இது 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்த கதை. ஒரு வாரம் காத்திருக்கும் வாசகருக்காகவே எழுதப்பட்டது. 290-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் சின்னது, முடிவில் ஒரு கொக்கி. தொடர்கதை படித்து வளர்ந்த பெரியம்மாவுக்கு இது பழகிய தாளம். நடுவில் ஐந்து நாள் படிக்க முடியாமல் போனாலும் வந்தியத்தேவன் குதிரையோடு அங்கேயே நின்றுகொண்டிருப்பான்.

மூன்றாவது, ஒரு பயண நூல். ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940-இல் வெளிவந்தது. மகாத்மா காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுப்பதற்காக உலகம் முழுவதும் அலைந்து படச்சுருள்களைச் சேகரித்தவர் அவர். கப்பல், ரயில், ஊர், மனிதர்கள் என்று எளிய தமிழில் எழுதுவார். வீடு, ரயில், மருத்துவமனை என்று வரைபடம் சுருங்கிப்போன ஒருவருக்கு ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. "இவர் போன ஊருக்கெல்லாம் விசா வேணுமா?" என்று ஒரு நாள் கேட்டார் பெரியம்மா. சிகிச்சை தொடங்கிய பிறகு, அடுத்த சுற்று மருந்தைத் தவிர வேறு ஒன்றைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது என்றே நினைக்கிறேன்.

எதையும் படிக்க முடியாத நாள்களுக்குத் திருக்குறள். இரண்டு அடிதான். ஒரு குறளைப் படித்துவிட்டு அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

நோயைப் பற்றிய புத்தகங்கள்

புற்றுநோய் வந்தவர் புற்றுநோயைப் பற்றிய புத்தகங்களைப் படிக்கலாமா? இதற்கு ஒரே பதில் இல்லை. சிலருக்குத் தெரிந்துகொண்டால் பயம் குறைகிறது. சிலருக்குக் கூடுகிறது. அவரையே கேட்பதுதான் வழி.

நம் தலைமுறைக்கு இந்த நோயை அறிமுகப்படுத்தியது சினிமா. 1982-இல் 'வாழ்வே மாயம்', அதே ஆண்டில் 'பயணங்கள் முடிவதில்லை'. அதற்கு முந்தைய ஆண்டு மகேந்திரன் இயக்கிய 'நண்டு', சிவசங்கரியின் நாவலிலிருந்து எடுத்தது. கேன்சர் என்ற சொல்லே நண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பதால் அந்தத் தலைப்பு. நோயின் பெயரைச் சொன்னதும் சாவு வந்துவிடும் என்பது அந்தக் கால வெள்ளித்திரைக் கணக்கு. இன்று ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை பெற்று, வேலைக்குத் திரும்பியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். மனசில் ஓடுவது மட்டும் இன்னும் பழைய படம்தான்.

நம் மண்ணிலேயே இதைப் பற்றி ஒரு நாவல் உண்டு. ரெ. கார்த்திகேசு எழுதிய 'அந்திம காலம்'. வானொலியில் பணியாற்றி, பிறகு பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்புத் துறைப் பேராசிரியராக இருந்து, 2016-இல் மறைந்தவர் அவர். எங்கள் துறையின் முன்னோடி என்பதால் எனக்குக் கூடுதல் பாசம். புற்றுநோய்க்கு ஆளான ஒரு பெரியவர் தன் வாழ்க்கையையும் குடும்பத்தையும் திரும்பிப் பார்க்கும் கதை. மலேசியத் தமிழ்க் குடும்பத்தின் பேச்சும் கவலையும் அப்படியே இருக்கும். மதுரைத் திட்டத்தின் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால், தலைப்பைப் பார்த்தாலே தெரியும், சிகிச்சை நடுவில் எல்லாருக்கும் ஏற்றதல்ல. நான் படித்தேன். பெரியம்மாவிடம் கொடுக்கவில்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "முடியட்டும், பார்க்கலாம்" என்றார்.

ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு, அதிலும் என் வயது ஆட்களுக்கு, பால் கலாநிதியின் நூலைச் சொல்லலாம். பெற்றோர் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள். ஸ்டான்ஃபோர்டில் மூளை அறுவை மருத்துவராகப் பயிற்சி பெறும்போதே நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்து, 2015-இல் 37 வயதில் காலமானார். அவர் எழுதி வைத்துவிட்டுப் போனது அடுத்த ஆண்டு நூலானது. சித்தார்த்த முகர்ஜி என்ற புற்றுநோய் மருத்துவர் 2010-இல் எழுதிய இந்த நோயின் வரலாறு புலிட்சர் பரிசு பெற்றது. அருமையான நூல், ஆனால் தலையணை கனம். நோயாளியைவிட, ஏன் இப்படி ஆயிற்று என்று இரவெல்லாம் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கே அதிகம் பயன்படும். சூசன் சொன்டாக் தானே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். 1978-இல் அவர் எழுதிய சிறு நூல், இந்த நோயைப் போராகவும் நோயாளியைப் போர்வீரராகவும் பேசுவது நோயாளிமேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறது என்று வாதிடுகிறது. 'போராடுங்கள், வெல்வீர்கள்' என்று ஒலிவாங்கியில் எளிதாகச் சொல்லிவிடுகிற தொழிலில் இருக்கிறேன். அதைப் படித்த பிறகு அந்தச் சொற்களைக் கொஞ்சம் பார்த்தே பயன்படுத்துகிறேன். வென்றவர் வீரர் என்றால், குணமாகாதவர் சரியாகப் போராடவில்லை என்றா அர்த்தம்?

இந்த வரிசையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ருஷ்ய எழுத்தாளர் சோல்ஜெனித்சினின் 'புற்றுநோய் வார்டு'. 1950-களில் தாஷ்கண்ட் நகர மருத்துவமனையில் அவரே சிகிச்சை பெற்றவர். அந்த நாவலில் ஒரு முரட்டுக் கட்டடத் தொழிலாளி வருகிறான். வாழ்நாளில் புத்தகம் பக்கமே போகாதவன். கழுத்தில் கட்டோடு, தூக்கம் இல்லாமல் நடந்துகொண்டிருப்பவன் கையில் பக்கத்து நோயாளி ஒரு டால்ஸ்டாய் நூலைக் கொடுக்கிறார். அதில் உள்ள ஒரு கதையின் தலைப்பே, மனிதர்கள் எதனால் வாழ்கிறார்கள் என்பதுதான். அதைப் படித்துவிட்டு அவன் வார்டில் ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்கிறான். ஒருவர் காற்று, தண்ணீர் என்கிறார். இன்னொருவர் சம்பளம் என்கிறார். ஓர் அதிகாரி கொள்கை என்கிறார்.

கவனியுங்கள். அங்கே ஒரு புற்றுநோயாளியை எழுப்பி உட்கார வைத்தது புற்றுநோயைப் பற்றிய புத்தகம் அல்ல. அது ஏழைச் செருப்புத் தைப்பவர் ஒருவரைப் பற்றி 1881-இல் எழுதப்பட்ட சின்னக் கதை. உபதேசமாக வரவில்லை, கதையாக வந்தது. டால்ஸ்டாயின் அந்தக் கதை தமிழிலும் வந்திருக்கிறது. நீண்ட நாவலைவிட, அதைத் தேடிக் கொடுக்கலாம்.

காதால் படிப்பது

கதிர்வீச்சு நாள்களில் படிப்பு வேறு மாதிரி ஆனது. இயந்திரத்துக்கு அடியில் சில நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். புத்தகத்துக்கு அங்கே இடமில்லை. தினமும் போய்வந்த களைப்பில் வெளியிலும் கண்ணைத் திறந்து படிக்க முடியவில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்குப் போகிறவர்கள் வெள்ளைக் கைத்தடியோடு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. காதாலும் படிக்கலாம் என்பது அந்தத் தெருக்களுக்குப் புதிய செய்தி இல்லை. எனக்கும்கூட அதுதானே தொழில்? ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம், 'பொன்னியின் செல்வன்' அத்தியாயம் ஒன்றை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து பெரியம்மாவுக்கு அனுப்பத் தொடங்கினேன். ரயிலில் வரும்போது, காத்திருப்பு அறையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

இதற்கு வானொலிக் குரல் தேவையில்லை. தெரிந்த குரலாக இருந்தால் போதும். நீங்களும் செய்யலாம். தொழிலில் கற்ற சில விஷயங்களைச் சொல்கிறேன். வழக்கமாகப் பேசுவதைவிடக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். பாத்திரத்துக்கு ஒரு குரல் என்று நடிக்க வேண்டாம், களைத்த காதுக்கு அது தொந்தரவு. எங்கே நிறுத்துவது என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். தொடக்கத்தில், நேற்று எங்கே விட்டோம் என்று ஒரு வரியில் நினைவூட்டுங்கள். நேரில் வாசிக்கும்போது அவர் தூங்கிவிட்டால் சட்டென்று நிறுத்தாதீர்கள், குரலை மெல்ல இறக்கி முடியுங்கள். பின்னணியில் குழந்தை அழுதாலோ குக்கர் விசில் அடித்தாலோ பதிவை அழித்துவிட்டு மறுபடி செய்ய வேண்டாம். நான் பிசிறில்லாமல் பதிவு செய்ததைவிட, மழைச் சத்தத்தோடு போன அத்தியாயம்தான் பெரியம்மாவுக்குப் பிடித்திருந்தது.

கோலாலம்பூரை 2020-ஆம் ஆண்டின் உலகப் புத்தகத் தலைநகராக யுனெஸ்கோ தேர்ந்தெடுத்தபோது, நம் நகரம் வைத்த முழக்கம் வாசிப்பின் வழியே பரிவு என்பது. ரயில் பயணிகளுக்கான வாசிப்பு இயக்கமும் அந்தத் திட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு கொரோனாவோடு போய்விட்டது. முழக்கம் மிச்சம் இருக்கிறது. பண்டார் துன் ரசாக் பக்கம் போகும் ரயிலில் ஒருவர் காதில் ஒலிவாங்கும் கருவியோடு கண் மூடி உட்கார்ந்திருந்தால், அவர் பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். குந்தவையைச் சந்திக்க வந்தியத்தேவன் போய்க்கொண்டிருக்கலாம்.

நான்காவது ஆள்

திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் சிகிச்சைக்கு நான்கு கூறு என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாகப் பக்கத்திலிருந்து கவனிப்பவர். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய அந்தப் பட்டியலில் நமக்கும் ஓர் இடம் இருப்பது ஆறுதல். காத்திருப்பு அறையில் பாதி நாற்காலிகள் இந்த நான்காவது ஆள்களுக்குத்தான். வேலைக்கு விடுப்பு எழுதிவிட்டு வந்த மகன்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடிவந்த மகள்கள், மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்க்கும் கணவர்கள். அவர்களுக்கும் ஒரு புத்தகம் வேண்டும். நான் சாம்புவைப் பெரியம்மாவிடமிருந்து இரவல் வாங்கித்தான் பல காலைகளைக் கடந்தேன்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. என்ன படிக்கப் பிடிக்கும் என்று முதலில் கேளுங்கள். ஒன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். புதிய பிரதியாக, ஒரு கையில் பிடிக்கிற கனமாக இருக்கட்டும். சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் எதையும் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். படித்தாயா என்று பிறகு கேட்காதீர்கள். அதுவும் ஒரு பரீட்சையாகிவிடும். படிக்க முடியவில்லை என்று அவரே சொன்னால், "நான் படிக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

பெரியம்மாவின் கதிர்வீச்சு சென்ற மாதம் முடிந்தது. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அடுத்த முடிவு எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது, மருத்துவருக்கும்கூட. தலையில் முடி குட்டையாக வளர்ந்திருக்கிறது. கல்கியில் மூன்றாம் பாகம் நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு பாகம் இருக்கின்றன என்பதில் அவருக்குக் கவலை இல்லை. அவருடைய கவலை வேறு: "நீ வாசிச்சு அனுப்புறது ரொம்ப மெதுவா இருக்கும்மா. முன்னால என்ன ஆகுதுன்னு நானே கொஞ்சம் பார்த்துட்டேன். கோவிச்சுக்காத."